ரகுராம் ராஜனை 2005-ஆம் ஆண்டு உரைக்காக மட்டும் நினைவில் வைத்திருப்பது சரியா?

1. பிடோக் வாசகன் எழுதியது:

நம் சிங்கப்பூர்த் தமிழ்க் குழுவில், பொருளியலாளரும் இந்திய ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநருமான ரகுராம் ராஜனின் பெயர் அடிபடும்போதெல்லாம், 2005-இல் அவர் ஆற்றிய ஓர் உரையை வைத்து '2008 உலக நிதி நெருக்கடியை முன்கூட்டியே சொன்னவர்' என்ற ஓர் அடைமொழியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளைச் சில மாதங்களாகப் படித்து வருவதால், அந்த அடைமொழி அவரைப் பெருமைப்படுத்துவதுபோலத் தோன்றினாலும் உண்மையில் அவருடைய உழைப்பை மறைக்கிறது என்ற எண்ணம் எனக்கு வலுத்திருக்கிறது. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். 1963-இல் போபாலில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தை இந்தியக் காவல் பணி அதிகாரி. அவருடைய வெளிநாட்டுப் பணியிடங்களால் மகனின் இளமைக்காலம் இந்தோனீசியா, இலங்கை, பெல்ஜியம் எனக் கழிந்தது. டெல்லி ஐஐடியில் மின்பொறியியல் (1985), அகமதாபாத் ஐஐஎம்மில் மேலாண்மை (1987), இரண்டிலும் தங்கப் பதக்கம். டாடா நிறுவனத்தின் நிர்வாகப் பணியில் சேர்ந்தவர் சில மாதங்களிலேயே அதை விட்டுவிட்டு அமெரிக்காவின் எம்ஐடிக்குச் சென்றார். 1991-இல் முனைவர் பட்டம் பெற்று, சிகாகோ பல்கலைக்கழகத்தில் விரிவுரையைத் தொடங்கி, நான்கே ஆண்டுகளில் முழுப் பேராசிரியரானார்.

எனக்கு முக்கியமாகப் படுவது முனைவர் பட்ட ஆய்வின் பொருள். அது வங்கிகளைப் பற்றியது. அதிலிருந்து கிளைத்து 1992-இல் வெளியான கட்டுரை, கடன் கொடுக்கும் வங்கிக்குக் கடன் வாங்கும் நிறுவனத்தின் உள்விவகாரம் நன்றாகத் தெரிந்திருப்பது யாருக்கு நல்லது என்று கேட்கிறது. தெரிந்திருந்தால், தேறாத திட்டத்துக்குப் பணம் போவதை வங்கி உரிய நேரத்தில் நிறுத்திவிடும்; அது நல்லதுதான். ஆனால் இந்த நிறுவனம் தேறும் என்பது தனக்கு மட்டுமே தெரியும்போது, வேறு யாரிடமும் போக முடியாத முதலாளியிடம் அந்த வங்கி லாபத்தில் பெரும்பங்கைக் கறந்துவிடவும் முடியும். அதை முன்கூட்டியே உணரும் முதலாளிக்கு உழைக்கும் ஊக்கமே குறைந்துவிடும். நெருக்கம் பாதுகாப்பும் தரும், பிடியாகவும் மாறும் என்பதைக் கணக்கில் நிறுவிய அந்தக் கட்டுரையிலிருந்து 2005 உரைக்கு நேராகவே ஒரு கோடு போடலாம் என்பது என் வாதம். உங்கள் கருத்து என்ன?

2. தோ பாயோ சுப்பையா எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்ன 1992 கட்டுரையை நான் படித்ததில்லை. ஆனால் அதன் சாரத்தை மார்க்கெட் ஸ்திரீட்டில் கண்ணால் பார்த்து வளர்ந்தவன். என் தகப்பனார் அங்கே ஒரு செட்டியார் கிட்டங்கியில் (வட்டிக்கடையில்) அடுத்தாளாக, அதாவது உதவியாளராக இருந்தார். நீளமான கூடம், இரு பக்கமும் ஆளுக்கொரு மரப்பெட்டியும் சாய்வுமேசையும், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பேரேடு எழுதும் ஆட்கள். ஒரே கூரையின் கீழ் பல கடைகளின் வட்டித்தொழில் நடக்கும். கடன் கேட்டு வருபவர் சீனக் கடைக்காரராக இருந்தாலும் மலாய்க்காரராக இருந்தாலும், அவருடைய சரக்கு எப்போது கப்பலில் வருகிறது, போன தவணையை எந்தக் கிழமை கட்டினார், மூத்த மகன் கடையைக் கவனிக்கிறானா என்பதெல்லாம் கடையை நடத்தும் மேலாளுக்கு மனப்பாடம்.

நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். பழைய வாடிக்கையாளருக்குப் பேச்சிலேயே பணம் கிடைத்துவிடும், ஆனால் பழக்கத்துக்காக வட்டியில் காலணாக்கூடக் குறைக்க மாட்டார்கள். இதைப் பற்றியும் உங்கள் பேராசிரியர் ஏதாவது எழுதியிருக்கிறாரா?

3. பிடோக் வாசகன் எழுதியது:

சுப்பையா ஐயா, எழுதியிருக்கிறார். மிட்சல் பீட்டர்சனோடு சேர்ந்து 1994-இல் வெளியிட்ட கட்டுரை அமெரிக்கச் சிறு தொழில்களின் கடன் விவரங்களை வைத்து இதையேதான் ஆராய்ந்தது. ஒரே வங்கியோடு உறவு நீடிக்க நீடிக்கக் கடன் எளிதாகக் கிடைக்கிறது, வட்டி விகிதத்தில் அதன் தாக்கம் சிறிதே என்பதுதான் முடிவு. பல இடங்களில் கடன் வாங்கும் நிறுவனத்துக்கு வட்டியும் கூடுகிறது, கடன் கிடைப்பதும் கடினமாகிறது. உங்கள் தகப்பனாரின் மேலாள் இதைக் கேட்டிருந்தால், இதற்கு ஒரு ஆராய்ச்சியா என்று சிரித்திருப்பார்.

4. கிளமெண்டி மாணவி எழுதியது:

வணக்கம். பொருளியல் இளங்கலை படிப்பவள் என்ற முறையில் 1998-இல் லூய்கி சிங்காலசுடன் அவர் எழுதிய கட்டுரையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் எங்கள் வகுப்பில் இன்றும் ஆய்வுமுறைக்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்படுவது அதுதான்.

நிதித்துறை வளர்ந்த நாடுகள் வேகமாக வளர்கின்றன என்று பலர் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் வளரும் நாட்டில் வங்கிகளும் தாமாகவே பெருகும் என்பதால் எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முடியவில்லை. ராஜனும் சிங்காலசும் நாடுகளை ஒப்பிடுவதோடு நிற்காமல், ஒரே நாட்டுக்குள் இருக்கும் தொழில்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். மருந்துத் தொழிலுக்கு ஆராய்ச்சிக்காகப் பல ஆண்டுகள் வெளிப்பணம் வேண்டும். புகையிலைத் தொழில் தன் வருவாயிலேயே முதலீட்டை முடித்துக்கொண்டு மிச்சமும் வைக்கும். அமெரிக்க நிறுவனங்களின் கணக்கிலிருந்து ஒவ்வொரு தொழிலும் வெளிப்பணத்தை எவ்வளவு சார்ந்திருக்கிறது என்ற அளவைக் கண்டறிந்து, அதை மற்ற நாடுகளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். நிதித்துறை வளர்ந்த நாடுகளில் மருந்து போன்ற தொழில்கள் மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்திருந்தன. நிதித்துறைதான் வளர்ச்சிக்குத் துணை செய்கிறது என்ற வாதத்துக்கு இதைவிடக் கெட்டியான சான்று அதுவரை வந்ததில்லை என்பார் எங்கள் விரிவுரையாளர்.

அமெரிக்க நிதியியல் சங்கம், நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கான ஃபிஷர் பிளாக் பரிசை 2003-இல் முதன்முதலாக வழங்கியபோது அதைப் பெற்றவர் ராஜன்தான். 2012-இல் இன்ஃபோசிஸ் பரிசும் 2013-இல் நிதிப் பொருளியலுக்கான டாய்ச்ச வங்கிப் பரிசும் பின்னால் வந்தவை. வங்கிகள் ஏன் இயல்பிலேயே நொய்ம்மையானவை என்பதை விளக்க அவரோடு கட்டுரைகள் எழுதிய டக்ளஸ் டயமண்ட், 2022-இல் பொருளியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர்.

எனக்கு ஓர் ஐயம். நிதித்துறை வளர்ச்சிக்கு இவ்வளவு ஆதரவாக எழுதியவர், ஏழே ஆண்டுகளில் அதே வளர்ச்சி உலகை ஆபத்தாக்கிவிட்டதா என்று கேட்டது எப்படி?

5. ஈசூன் மீனா எழுதியது:

தங்கச்சி, நல்ல கேள்வி. நான் ஒரு வங்கியின் இடர் நிர்வாகப் பிரிவில் நெடுநாளாக வேலை செய்கிறேன்; அந்த உரையை எங்கள் பயிற்சிகளில் பகுதி பகுதியாகப் படித்திருக்கிறோம்.

2003-இல் அவர் பன்னாட்டு நாணய நிதியத்தின் தலைமைப் பொருளியலாளரானார். மேற்கு நாடுகளுக்கு வெளியிலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள், வயதிலும் இளையவர். 2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஜாக்சன் ஹோலில், ஓய்வு பெறவிருந்த அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பானின் காலத்தை மதிப்பிடும் கருத்தரங்கில் பேச அழைத்தார்கள். நிதித்துறை மாற்றங்களால் உலகம் பாதுகாப்பானது என்று எழுதத்தான் அவர் உட்கார்ந்தார். ஆனால் நிதியத்தில் அவருடைய குழு தயாரித்த வரைபடங்கள் வங்கிகளின் இடர் குறையவில்லை என்று காட்டியதால், கட்டுரையின் போக்கையே மாற்றிக்கொண்டார். சபையில் அதற்குக் கடும் எதிர்ப்பு. முன்னாள் அமெரிக்க நிதி அமைச்சர் லாரி சம்மர்ஸ் அடிப்படையே தவறான நோக்கு என்ற பொருளில் பேசினார்.

அவர் அங்கே வீட்டுக் கடனைப் பற்றி நாள் குறித்து எதுவும் சொல்லவில்லை. நிதி மேலாளரின் சம்பளத்தைப் பற்றித்தான் பேசினார். லாபம் வந்தால் பெரிய ஊக்கத்தொகை, நட்டம் வந்தால் வேறு வேலை என்ற ஏற்பாட்டில், பல ஆண்டுகள் சிறுசிறு வருமானத்தைத் தந்துவிட்டு என்றோ ஒரு நாள் அனைத்தையும் விழுங்கிவிடும் முதலீடுகளை மேலாளர்கள் தேடிப் போவார்கள். பார்ப்பவர்களுக்கு அது திறமையாகவே தெரியும். பக்கத்து நிறுவனத்தார் அப்படிச் செய்யும்போது தாம் மட்டும் விலகி நின்றால் பின்தங்கியவர் என்று பெயர் வரும் என்பதால் எல்லாரும் ஒரே பக்கம் சாய்வார்கள். வட்டி விகிதம் குறைவாக இருக்கும் காலத்தில் இந்தச் சாய்வு இன்னும் கூடும்.

சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு இதை ஏட்டில் படிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. 2008-இல் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் விழுந்தபோது, அதனோடு தொடர்புடைய மினிபாண்டு என்ற பத்திரத்தை வாங்கியவர்கள் ஹொங் லிம் பூங்காவில் கூடி முறையிட்டது இங்கே பலருக்கு நினைவிருக்கும். என் பெரியம்மா ஓய்வுக்காலச் சேமிப்பில் ஒரு பகுதியை அதில் போட்டிருந்தார். நிரந்தர வைப்பைவிட நல்ல வட்டி, பெயர் பெற்ற வங்கிகளோடு இணைக்கப்பட்டது என்று விற்றவர் சொன்னதை நம்பினார். உண்மையில் அந்தப் பத்திரத்தை வாங்கியவர்கள், குறிப்பிட்ட சில நிறுவனங்கள் கடனைத் திருப்பித் தராமல் போனால் அந்த நட்டத்தை ஏற்கிறோம் என்று காப்புறுதி விற்றவர்களின் இடத்தில் நின்றார்கள். காலாண்டுக்கு ஒருமுறை வந்த வட்டி அந்தக் காப்புறுதியின் சந்தா. ராஜன் 2005-இல் எச்சரித்த அதே அமைப்பு, தோ பாயோவிலும் ஈசூனிலும் இருந்த சாதாரண மனிதர்களின் கைக்கு வந்திருந்தது. 2009-இல் சிங்கப்பூர் நாணய ஆணையம் பத்து நிதி நிறுவனங்களுக்கு அத்தகைய பத்திரங்களை விற்கக் காலவரையறையுடன் தடை விதித்தது.

உன் ஐயத்துக்கு என் பதில் இதுதான்: 1998-இல் அவர் நிதித்துறையால் விளையும் நன்மையை அளந்தார், 2005-இல் அதை நடத்துபவரின் நோக்கத்தை அளந்தார். இரண்டுக்கும் முரண் இல்லை.

6. ஜூரோங் அன்வர் எழுதியது:

அக்கா, விளக்கம் அருமை. ஆனாலும் 'முன்கூட்டியே சொன்னவர்' என்ற புகழை இன்னும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். 2006 செப்டம்பரில் நாணய நிதியமும் உலக வங்கியும் இங்கே சன்டெக் மாநாட்டு மையத்தில் ஆண்டுக் கூட்டம் நடத்தியபோது, உலகப் பொருளியல் கண்ணோட்ட அறிக்கையை வெளியிட்டவர் இதே ராஜன்தான். 2007-இல் உலக வளர்ச்சி 4.9 விழுக்காடு இருக்கும் என்று அந்த அறிக்கை கணித்தது. அமெரிக்க வீட்டுச் சந்தை தளர்வதை ஆபத்துகளில் ஒன்றாகக் குறிப்பிட்டது உண்மை. ஆனால் இன்னும் இரண்டு ஆண்டுகளில் வங்கிமுறையே ஆட்டங்காணப் போகிறது என்று அதைப் படித்த எவரும் பயந்திருக்க மாட்டார்கள்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அமைப்பில் இருக்கும் ஓட்டையைக் காட்டுவது ஒரு வேலை, அந்த ஓட்டை வழியாக எப்போது தண்ணீர் புகும் என்று சொல்வது வேறு வேலை. இரண்டாவதை அவர் செய்ததாகச் சொல்வது நாம் ஏற்றிவைத்த கதை. இந்த வகையில் பிடோக் நண்பரோடு உடன்படுகிறேன்.

நான் பேச வந்தது 2013-ஐப் பற்றி. அந்த ஆகஸ்ட் இறுதியில் ஓர் அமெரிக்க டாலருக்கு 68 ரூபாயைத் தாண்டிவிட்டது. நமது ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு ஐம்பதுக்கும் மேல் கிடைத்தது. ஊருக்குப் பணம் அனுப்புபவர்கள் செராங்கூன் சாலையில் நாணய மாற்றுக் கடைகளின் முன் வரிசையில் நின்றது கண்முன் இருக்கிறது. செப்டம்பர் 4-ஆம் தேதி ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநரானார். பதவியேற்ற அன்றே அறிவித்த ஏற்பாடுகளில் ஒன்று, வெளிநாடுவாழ் இந்தியர்கள் வெளிநாட்டு நாணயத்திலேயே மூன்றாண்டுக்குக் குறையாமல் வைப்பு வைத்தால், அந்த டாலரை இந்திய வங்கிகளிடமிருந்து ஆண்டுக்கு 3.5 விழுக்காடு என்ற நிலையான செலவில் ரிசர்வ் வங்கி ரூபாயாக மாற்றிக்கொண்டு, தவணை முடிவில் டாலராகவே திருப்பித் தரும் என்பது. ரூபாய் மேலும் விழுந்தால் வரும் சுமை வைப்பாளருக்கும் இல்லை, வங்கிக்கும் இல்லை.

அடுத்த சில வாரங்களில் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளை மறக்க முடியாது. கையில் இருக்கும் தொகையைப் போல் பல மடங்கை வங்கியே கடனாகத் தரும், மொத்தத்தையும் வைப்பாக வைக்கலாம், கடன் வட்டிக்கும் வைப்பு வட்டிக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு என்றார்கள். நான் சிறிய அளவில் சேர்ந்தேன்; மூன்றாண்டு முடிவில் சொன்ன பணம் சொன்னபடி வந்தது. நவம்பர் இறுதிக்குள் இந்த ஏற்பாட்டின் வழியாக ஏறக்குறைய 2,600 கோடி டாலர் இந்தியாவுக்குள் வந்தது, ரூபாயும் 62 அளவுக்கு மீண்டது.

என் கேள்வி இதுதான்: மேலாளர்கள் தமக்கு இடரில்லாமல் லாபம் பார்க்கும் ஏற்பாடுகளை 2005-இல் கண்டித்தவர், 2013-இல் எனக்கும் என் வங்கிக்கும் அப்படியொரு ஏற்பாட்டைத் தாமே செய்து கொடுத்தாரே!

7. பிடோக் வாசகன் எழுதியது:

அன்வர் அண்ணே, கேள்வி கூர்மையானது, பாதி ஏற்கிறேன். அது ஒரு மானியம்தான், அந்தச் சுமை ரிசர்வ் வங்கியின் கணக்கில் ஏறியது. ஆனால் வித்தியாசம் ஒன்று உண்டு: அந்த இடரை யார் சுமக்கிறார் என்பது முதல் நாளே எல்லாருக்கும் தெரிந்திருந்தது, கதவு எப்போது மூடப்படும் என்பதும் தெரிந்திருந்தது. மினிபாண்டில் இந்த இரண்டுமே வாங்கியவருக்குத் தெரியாமல் இருந்தன.

அவர் ஆளுநராக இருந்த மூன்றாண்டில் என் பார்வையில் மிகப் பெரிய காரியம் இதுவல்ல, வங்கிகள் கொடுத்த கடன்களைச் சோதிக்க 2015-இன் பிற்பகுதியில் தொடங்கிய சொத்துத் தர ஆய்வுதான். திரும்பி வராது என்று தெரிந்த கடனைத் தீர்க்கப் புதுக் கடன் கொடுத்து, ஏட்டில் அதை நல்ல கடனாகவே காட்டிவந்த வழக்கத்தை அந்த ஆய்வு உடைத்தது. வங்கிகள் தம் ஏடுகளை 2017 மார்ச்சுக்குள் ஒழுங்குபடுத்த வேண்டும் என்றார்கள். அதன்பின் மறைந்திருந்தவை வெளிவந்து, 2018 மார்ச்சில் மொத்த வாராக்கடன் விகிதம் 11 விழுக்காட்டைத் தாண்டியது. 1992 கட்டுரையில் தேறாத திட்டத்தை வங்கி நிறுத்திவிடும் என்று எழுதியவர், நிறுத்தாத வங்கிகளைக் கண்முன் பார்த்தபோது செய்தது இது.

8. சிராங்கூன் கடைக்காரன் எழுதியது:

எல்லாரும் புகழ்ந்துகொண்டே போவதால் மறுபக்கத்தை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. என் மைத்துனர் கோயம்புத்தூரில் பம்பு உதிரிபாகம் செய்யும் சிறிய பட்டறை நடத்துகிறார். 2014 ஜனவரியில் ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி, 8 விழுக்காட்டுக்குப் போனது. ஓராண்டு முழுவதும் அங்கேயே நின்றது. அவருக்கு நடைமுறை மூலதனக் கடன் எந்த வட்டிக்குக் கிடைத்தது என்பதை இங்கே எழுதினால் நம்ப மாட்டீர்கள். தர ஆய்வுக்குப் பிறகு வங்கி மேலாளர்கள் புதுக் கடன் கொடுக்கவே பயந்தார்கள். பெரிய முதலாளிகள் தின்றதற்குச் சிறிய பட்டறைக்காரர் பத்தியம் இருக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று, மத்திய வங்கி ஆளுநர் இவ்வளவு பேசலாமா? சகிப்புத்தன்மை பற்றி ஓர் உரை, 2016-இல் இந்தியாவின் வளர்ச்சியைப் 'பார்வையற்றோர் நாட்டில் ஒற்றைக்கண்ணன் அரசன்' என்று ஒப்பிட்ட பேச்சு, அதற்குப் பின் வருத்தம் தெரிவித்தது என்று செய்தியிலேயே இருந்தார். நம் ஊரில் நாணய ஆணையத்தின் தலைவர்கள் இப்படிப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

9. ஈசூன் மீனா எழுதியது:

கடைக்காரரே, உங்கள் மைத்துனரின் கஷ்டத்தை மறுக்க மாட்டேன். உயர்ந்த வட்டி முதலில் நெரிப்பது சிறு தொழிலைத்தான். ஆனால் ராஜன் பதவிக்கு வந்தபோது நுகர்வோர் பணவீக்கம் 10 விழுக்காட்டை ஒட்டி இருந்தது, போகும்போது 5 அளவில் இருந்தது. 2015 பிப்ரவரியில் அரசும் ரிசர்வ் வங்கியும் பணவீக்க இலக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இன்றுவரை நிற்கும் 4 விழுக்காடு, மேலும் கீழும் 2 என்ற வரம்பு அதிலிருந்து வந்தது. எண்ணெய் விலை 2014-க்குப் பின் சரிந்தது அவருக்குப் பெரிய துணை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ரசிகர்கள் அதை விட்டுவிடுகிறார்கள்.

சிங்கப்பூரோடு ஒப்பிடுவது எளிதல்ல. இங்கே 1981 முதல் வட்டி விகிதத்துக்குப் பதிலாக வெள்ளியின் மாற்று மதிப்பை வைத்தே பணக் கொள்கை நடக்கிறது. வட்டியைக் குறைக்கச் சொல்லித் தொழிலதிபர்கள் நாணய ஆணையத்தை நெருக்கும் அரசியலுக்கே இடமில்லை. அங்கே ஒவ்வோர் இரண்டு மாதமும் அந்த நெருக்கடி உண்டு.

கடன் பெருகிய காலத்தில் ரிசர்வ் வங்கி ஏன் உறங்கியது என்ற கேள்வி நியாயமானது. 2018-இல் நாடாளுமன்ற மதிப்பீட்டுக் குழுவுக்கு அவர் எழுதிய குறிப்பிலேயே, தொடக்கத்தில் ரிசர்வ் வங்கி இன்னும் உரக்க எச்சரித்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். மோசமான கடன்களில் பெரும்பகுதி 2006 முதல் 2008 வரையிலான ஏற்றக் காலத்தில் கொடுக்கப்பட்டவை என்பதும் அதில் உண்டு.

10. தோ பாயோ சுப்பையா எழுதியது:

வட்டி, வாராக்கடன் எல்லாம் இருக்கட்டும். என் பேத்தி கைப்பேசியிலிருந்தே காரைக்குடியில் இருக்கும் தன் அத்தைக்குப் பணம் அனுப்புகிறாள். அந்த யுபிஐ முறையை 2016 ஏப்ரலில் மும்பையில் தொடங்கிவைத்தவர் இவர் என்று படித்தேன், சரிதானா?

11. கிளமெண்டி மாணவி எழுதியது:

சரிதான் தாத்தா. உருவாக்கியது இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம், அப்போது ஆளுநராக இருந்த ராஜன் அதைத் தொடங்கிவைத்தார். நமது பேநௌ பணப்பரிமாற்றச் சேவையோடு அது இணைக்கப்பட்டது 2023 பிப்ரவரியில்.

12. பிடோக் வாசகன் எழுதியது:

ஆளுநர் பதவிக்குப் பிறகு அவர் சிகாகோவுக்கே திரும்பி வகுப்பெடுக்கிறார். 2020-இல் நாணய நிதியத் தலைவர் அமைத்த வெளி ஆலோசனைக் குழுவில் நம் தர்மன் சண்முகரத்தினமும் அவரும் உறுப்பினர்கள். 2021-இல் தமிழக முதலமைச்சரின் பொருளாதார ஆலோசனைக் குழுவிலும் இடம்பெற்றார்.

மாணவித் தங்கைக்கு ஒரு யோசனை. 2005 உரையின் கடைசிப் பகுதியைத் தவறாமல் படியுங்கள். நிதி மேலாளர் தமது ஊதியத்தில் ஒரு பகுதியைத் தாம் நிர்வகிக்கும் முதலீட்டிலேயே போட்டு, வேலையை விட்டுப் போன பிறகும் சில காலம் அதை எடுக்க முடியாதபடி வைக்க வேண்டும் என்ற கருத்து அங்கே இருக்கிறது. மீனா அக்கா, உங்கள் துறையில் அது நடைமுறைக்கு வந்துவிட்டதா?

13. ஈசூன் மீனா எழுதியது:

மேல்மட்டத்தில் ஓரளவு வந்திருக்கிறது. எங்கள் வங்கியில் மூத்த அதிகாரிகளின் ஊக்கத்தொகையில் ஒரு பங்கைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்துத் தருகிறார்கள். இடையில் தவறு தெரியவந்தால் பிடித்தம் செய்யவும் விதி உண்டு. தனிநபர் பொறுப்பு குறித்த நாணய ஆணையத்தின் வழிகாட்டிகளும் 2021 முதல் நடப்பில் உள்ளன. ஆனால் வேறு வங்கிக்குத் தாவுபவர் விட்டுவிட்டுப் போகும் தொகையைப் புது முதலாளி ஈடுகட்டிவிடும் வழக்கம் தொடர்கிறது. ராஜன் சொன்னதில் 'வேலையை விட்ட பிறகும்' என்ற பகுதியை இந்த வழக்கம் செல்லாமல் ஆக்கிவிடுகிறது. அதை எந்த ஒழுங்குமுறையாளரும் முழுமையாக அடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.